இரவல் காவல்

“நர்சம்மா, ரெண்டு நாளா எனக்கு ஜுரம். கொழந்தைக்குப் பால் குடுக்கலாமா? மாமியார் வேணாங்கறாங்க.”

திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த நாளில், இந்தக் கேள்வி வராத மழைக்காலம் எனக்கு இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கேள்வி நிற்கவில்லை, இப்போது கைப்பேசியில் வருகிறது. கோவிட் வந்துபோன பிறகு அதே வீடுகளிலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: “தாய்ப்பால்லயே எல்லா எதிர்ப்பு சக்தியும் இருக்குதாமே, அப்புறம் எதுக்கு ஒன்பதாம் மாச ஊசி?”

முதல் கேள்வியில் பாலைக் கண்டு பயம். இரண்டாவதில் பால்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. இரண்டாலும் குழந்தைக்குத்தான் நஷ்டம். தாய்ப்பால் வைரஸ் நோய்களுக்கு எதிராகக் காவல் தருகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காவல் இரவல் நகை மாதிரி. போட்டிருக்கும் வரை அழகு. திருப்பிக் கொடுத்தால் கழுத்து வெறும் கழுத்துதான். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இன்னொன்றும் புரியும்: இந்தக் காவல் குழந்தைக்குப் போய்ச் சேராமல் தடுப்பது மாமியார் மட்டும் இல்லை. நம் பிரசவ வார்டுகளும் கூலி வேலையும் அதைவிடப் பெரிய தடை.

பால் எப்படிக் காவல் காக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய் மூச்சில் இழுக்கும் கிருமியையும் விழுங்கும் கிருமியையும் அவள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள வெள்ளணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. பால் சுரக்கும் காலத்தில் அந்த அணுக்களில் ஒரு பகுதி இரத்தத்தில் பயணப்பட்டு மார்புக்கு வந்து தங்கி, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து பாலில் கலக்கின்றன. பாலில் இருக்கும் ஐஜிஏ இரத்தத்தில் இருப்பதிலிருந்து வேறுபட்டது என்பதை 1961-இல் ஸ்வீடன் நாட்டு லார்ஸ் ஹான்சன் கண்டறிந்தார். கூடுதலாக ஒரு புரதத் துண்டு அதன்மேல் ஒட்டியிருப்பதால் குழந்தையின் வயிற்றில் அது சுலபத்தில் செரிப்பதில்லை. தொண்டையிலும் குடலிலும் படிந்து நின்று, வைரஸ் செல்லில் ஒட்டாமல் மறிக்கிறது.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றோ, ரேஷன் கடை வரிசையில் நின்றோ தாய் வாங்கி வரும் சளிக்கு மருந்து அந்தத் தாயின் மார்பிலேயே தயாராகிறது என்று இதற்குப் பொருள். எந்தக் கம்பெனி பால் பவுடரிலும் இது கிடையாது. டப்பாவுக்கு அந்த வீட்டில் என்ன கிருமி நடமாடுகிறது என்று தெரியாது.

எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் போகிறதா என்று முதன்முதலில் சோதித்துப் பார்த்தவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். ஆண்டு 1892. அவர் பயன்படுத்திய நஞ்சுகளைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்று குன்றிமணியிலிருந்து எடுத்தது, இன்னொன்று ஆமணக்கு விதையிலிருந்து எடுத்தது. எண்ணெய் வித்துகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் ‘டி.எம்.வி.’ என்று இந்த ஊரின் பெயரிலேயே ரகங்கள் உண்டு. ஆமணக்கு இங்கே தெரியாத செடி இல்லை, குன்றிமணி வேலிக்கு வேலி கிடக்கும். எர்லிக் அந்த நஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தாய் எலிகளைப் பழக்கினார். பிறகு குட்டிகளை மாற்றி விட்டார். சாதாரண எலிக்குப் பிறந்து, பழக்கப்பட்ட எலியிடம் பால் குடித்த குட்டிகள் நஞ்சைத் தாங்கின. எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் போகிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது.

ஆனால் எலிக்குட்டி வேறு, மனிதக் குழந்தை வேறு. எலிக்குட்டியின் குடல், பாலில் வரும் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சி இரத்தத்தில் ஏற்றிக்கொள்கிறது. மனிதக் குழந்தையிடம் அது ஏறக்குறைய நடப்பதே இல்லை. நம் குழந்தைகளின் இரத்தத்தில் இருக்கும் தாயின் எதிர்ப்புப் புரதம் ஐஜிஜி. அது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது குறைவாகக் கிடைப்பது இதனால்தான். மாடு வளர்ப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதத்தைக் கன்றுக்குக் கடத்தாது; கன்றுக்கு எல்லாமே சீம்பாலில்தான் வரவேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்று தேறுவது கஷ்டம்.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். கன்று ஈன்ற வீட்டில் சீம்பாலைக் காய்ச்சி, வெல்லம் ஏலக்காய் போட்டு, அண்டை வீட்டுக்கும் கொடுத்து விடுவார்கள். அதே வீட்டில் மருமகளுக்கு முதல்நாள் சுரக்கும் சீம்பாலை ‘மஞ்சளா இருக்கு, கெட்ட பாலு’ என்று பீய்ச்சித் தரையில் விடச் சொல்வார்கள். ஐஜிஏ மிக அடர்த்தியாக இருப்பது அந்தப் பாலில். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிதான் வரும், அந்தப் பச்சைக் குழந்தைக்கு அது போதும். அதைக் கொட்டிவிட்டு, சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பார்கள். அப்புறம் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருபவரிடம் ஒரு பாலாடை கழுதைப்பால் வாங்கி ஊற்றுவார்கள், சளி வராது என்று. காய்ச்சாத பாலையும் கழுவாத பாலாடையையும் நம்பும் மனம், பெற்றவளின் பாலை நம்ப மறுக்கிறது.

சரி, பாலை நம்புவோம். எவ்வளவு தூரம் நம்புவது? இதற்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டாம், வேலூர் வரை போனால் போதும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தக் கேள்வியைப் பல வருஷங்களாகப் பல பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். பாலில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதென்றால், வாய்வழிச் சொட்டு மருந்தில் இருக்கும் போலியோ வைரஸையும் அது அழித்துவிடாதா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, தாய்ப்பால் கொடுப்பதால் சொட்டு மருந்தின் பலன் குறைவதில்லை என்று காட்டியது. சொட்டு மருந்து முகாமில் “பால் குடுத்துட்டேன், பரவாயில்லையா?” என்று கேட்ட தாய்மாருக்கு நாங்கள் தயக்கமில்லாமல் ‘பரவாயில்லை’ என்று சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் விஷயத்தில் இதே சந்தேகம் திரும்ப வந்தது. இந்தியத் தாய்மாரின் பாலில் ரோட்டாவுக்கு எதிரான சக்தி அமெரிக்க, கொரியத் தாய்மாரின் பாலில் இருப்பதைவிட அதிகம் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. இங்கே அந்த வைரஸ் நடமாட்டம் அதிகம், அதனால் தாய்க்கு அனுபவமும் அதிகம். அப்படியானால் சொட்டு போடும் வேளையில் பாலைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா? டெல்லியில் நிறுத்திப் பார்த்தார்கள். பலன் ஒன்றும் கூடவில்லை என்று 2014-இல் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவிலும் அதே முடிவு.

2018-இல் வேலூரிலிருந்து வந்த இன்னொரு முடிவு என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பரவும் ஒரு ரோட்டா வகையைச் சசிரேகா ரமணி, ககன்தீப் காங் உள்ளிட்டவர்கள் ஆராய்ந்தார்கள். தாய்ப்பாலில் இருக்கும் சில சர்க்கரைகள் அந்தக் குறிப்பிட்ட வைரஸின் தொற்றும் திறனைக் கூட்டுவதாகத் தெரியவந்தது. பாலில் இருக்கும் சர்க்கரைகள் பொதுவாகக் கிருமியை ஏமாற்றி வெளியே அனுப்புபவை என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். தாய்ப்பாலைத் தெய்வமாக்கிப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பால் ஓர் உயிர்ப்பொருள். கிருமியும் கூடவே வளர்ந்து வந்த உயிர். ஒன்று மறித்தால் மற்றது சந்து தேடும். இதற்காகப் பாலை நிறுத்தச் சொல்லும் விஞ்ஞானி யாரும் இல்லை. ‘பால் இருக்க ஊசி எதற்கு’ என்று கேட்பவருக்கு மட்டும் இது ஒரு பதில்.

அதே வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை வீடு தேடிப் போய்க் கவனித்த இன்னோர் ஆய்வு 2011-இல் வெளியானது. 373 குழந்தைகள் கடைசி வரை அதில் இருந்தார்கள். ரோட்டா ஒரு முறை வந்த குழந்தைக்கே அது மறுபடியும் வந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு நூற்றுக்கு நூறு இல்லை, சுமார் 79 சதவீதம்தான். பால் குடிக்கும் குழந்தைகள் நிறைந்த தெருக்கள் அவை. பால் மட்டுமே போதுமானால் அந்த வைரஸ் அங்கே இப்படிச் சுற்றி வந்திருக்காது. நம் நாட்டில் உருவான ரோட்டா சொட்டு மருந்தைப் பரிசோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. கடுமையான நோயை அது பாதிக்குக் கொஞ்சம் மேல் தடுக்கிறது. 2017 முதல் தமிழ்நாட்டில் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இலவசமாகப் போடுகிறோம். பாலும் பாதி, சொட்டும் பாதி என்றால் இரண்டையும் கொடுப்பதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை.

பாலா ஊசியா என்ற கேள்வியைக் கோவிட் காலம் எல்லார் வீட்டுக்கும் கொண்டு வந்தது. பாலூட்டும் தாய்மார் தடுப்பூசி போடலாம் என்று 2021 மே 19-இல் மத்திய அரசு அறிவிக்கும் வரை, ஊசி மையங்களிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பிப் போன பெண்கள் பலர். அறிவிப்பு வந்த பிறகு ‘பால் வத்திடும்’ என்று ஒரு புரளி. அதே வருஷம் இஸ்ரேலில் ஊசி போட்டுக்கொண்ட 84 தாய்மாரின் பாலைச் சோதித்தபோது, முதல் ஊசி போட்ட இரண்டாவது வாரத்திலேயே பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் கொரோனாவுக்கு எதிரான ஐஜிஏ இருந்தது. நான்காவது வாரத்தில் அது 86 சதவீதம். ஆக, தாய்க்குப் போடும் ஊசியின் பங்கு பாலிலும் இறங்குகிறது. ஆனால் பாலில் எதிர்ப்புப் புரதம் இருப்பது ஒன்று, குழந்தை நோயிலிருந்து தப்புவது இன்னொன்று. முதலாவதைக் கண்டுபிடித்த செய்தியை இரண்டாவதற்கான உத்தரவாதமாகப் படித்தவர்கள்தான் வாட்ஸ்ஆப்பில் அதிகம்.

இப்போது ஒன்பதாம் மாத ஊசிக்கு வருகிறேன். தட்டம்மைக்கு எதிராக நஞ்சுக்கொடி வழியாக வந்த புரதம் ஒன்பது மாதத்துக்குள் கரைந்துவிடுகிறது. அது இரத்தத்தில் இருக்கும்போதே ஊசி போட்டால், ஊசியில் இருக்கும் பலவீனமான வைரஸை அது அழித்துவிடும், குழந்தையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால்தான் காத்திருந்து ஒன்பது மாதம் முடிந்ததும் எம்.ஆர். என்கிற தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுகிறோம். ‘பால் குடுக்கறோமே’ என்று அதைத் தள்ளிப்போட்டால், தாயின் புரதமும் கரைந்து சொந்த எதிர்ப்பும் வராத நடுவெளியில் குழந்தை நிற்கும். 2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் நடந்தபோது புரளியால் பயந்துபோன வீடுகளுக்கு எங்களைப் போன்றவர்கள் நடையாய் நடந்தோம். அப்போது பேசியதையே இன்றைக்கும் பேச வேண்டியிருக்கிறது. பால் குழந்தையைக் காக்கும். தன்னைத் தானே காத்துக்கொள்ளக் குழந்தையின் உடம்புக்குக் கற்றுத்தருவது ஊசி.

ஜுரம் வந்த தாய்க்கு என் பதில் இது: கொடு, நிறுத்தாதே. உனக்கு ஜுரம் தெரியும் முன்பே கிருமி உன் மூச்சிலிருந்து குழந்தையைத் தொட்டிருக்கும். இப்போது நிறுத்தினால், அந்தக் கிருமிக்கென்று உன் உடம்பு செய்கிற மருந்தை மட்டும்தான் நிறுத்துகிறாய். சளி, ஃப்ளூ, கோவிட் எல்லாம் மூச்சிலும் கையிலும் பரவுபவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, மூக்கு வாயை மூடிக் கட்டிக்கொள், குழந்தைக்கு முத்தம் கொடுக்காதே, பால் கொடு. எழுந்து உட்கார முடியாவிட்டால் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, பாலாடையாலோ கரண்டியாலோ புகட்டச் சொல்.

விதிவிலக்குகள் உண்டு. எச்.ஐ.வி. பால் வழியாகப் போகும். ஆனால் தாய் தவறாமல் கூட்டு மருந்து சாப்பிட்டு வந்தால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். தாய்ப்பாலும் பவுடர் பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ஆபத்து அதிகம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு 1999-லேயே சொல்லிவிட்டது. மஞ்சள் காமாலை பி உள்ள தாயும் கொடுக்கலாம், குழந்தைக்குப் பிறந்தவுடன் ஊசி போட்டிருக்க வேண்டும். பிரசவத்தை ஒட்டிச் சின்னம்மை கண்ட தாய், மார்பில் அக்கிப் புண் உள்ள தாய், புற்றுநோய் மருந்து எடுக்கும் தாய் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும். இவற்றைத் தவிர்த்த சாதாரண ஜுரத்துக்கெல்லாம் ‘பாலை நிறுத்து’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும், காரணம் கேளுங்கள்.

இதுவரை பேசியது வீட்டுக்குள் நடப்பது. இனி அரசிடம் ஒரு வார்த்தை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம். மருத்துவமனைக்குள், செவிலியர் கண்முன்னே, பத்தில் நான்கு குழந்தைகள் முதல் மணி நேரச் சீம்பாலை இழக்கின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் அளவு இங்கே 55.1 சதவீதம், நாட்டின் சராசரியோ 63.7. மருத்துவ வசதியில் நமக்குப் பின்னால் இருக்கும் மாநிலங்கள் பல, இதில் நமக்கு முன்னால் இருக்கின்றன. இதற்கு மாமியாரைக் குறை சொல்லி முடித்துவிட முடியுமா?

ஒரு பெரிய காரணம் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் அறுவைச் சிகிச்சை, தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல். அறுவைக்குப் பின் தாயை ஒரு அறையிலும் குழந்தையை இன்னோர் அறையிலும் வைத்து, ‘பால் இன்னும் ஊறல’ என்று சொல்லிப் பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்ன இடங்களை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். முதுகில் மரப்பூசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்தேதான் இருக்கிறாள். குழந்தையைத் தூக்கி மார்பில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஒரு செவிலியர் மூன்று தாய்மாரையும் மாத்திரை வண்டியையும் பதிவேட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வார்டில் அந்த ஆள் இல்லை. தென்மாவட்டக் கிராமங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த ஆய்வு, ஒரு நாள் கழித்துப் பால் தொடங்கிய குழந்தைகளுக்கு இறப்பு ஆபத்து கூடுதல் என்று 2011-இல் சொன்னது. அது நம் மாநிலத்துக் குழந்தைகளின் கணக்கு.

இன்னொரு காரணம் கூலி. அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு, நான் வரவேற்கிறேன். தனியார் நிறுவனங்களுக்கு 2017-இல் திருத்திய சட்டப்படி 26 வாரம். ஆனால் மரக்காணம் உப்பளத்தில் வாரும் பெண்ணுக்கும், மல்லாட்டை பிடுங்கும் பெண்ணுக்கும், செங்கல் சூளையில் சுமக்கும் பெண்ணுக்கும் விடுப்புத் தருபவர் யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18 ஆயிரம் ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து, ஒரு கைத்தாங்கல்தான். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. மூன்றாம் மாதம் விடிகாலையில் அவள் வேலைக்குக் கிளம்பினால், பாட்டி கையில் பாக்கெட் பாலும் தண்ணீரும் பாட்டிலும். இரவல் காவலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் அது. சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். எங்கள் பக்கம் சிப்காட்டில் புதுத் தொழிற்சாலைகள் வரும் இந்த நேரத்தில், கட்டட அனுமதி கொடுக்கும்போதே அந்த அறையைக் கணக்கில் பார்க்கட்டும். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்த மாநிலம் இது. பேருந்துக்குக் காத்திருக்கும் கால் மணி நேரத்துக்கு அறை கட்ட முடிந்ததென்றால், வேலை செய்யும் எட்டு மணி நேரத்துக்கும் கட்ட முடியும்.

செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை குழந்தை பால் குடித்தது என்ற எண் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் மாதாமாதம் மேலே போகிறது. நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த எண்ணை அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் மருத்துவமனை வாசலில் எழுதி வைக்க உத்தரவு போடுங்கள். பிரசவத்துக்கு இடம் தேடும் குடும்பம் ஏ.சி. அறை வாடகையைக் கேட்கிற மாதிரி இதையும் கேட்க ஆரம்பிக்கும். கேட்க ஆரம்பித்தால், மூன்றே மாதத்தில் டப்பா வாங்கி வரச் சொல்லும் வார்டுகள் குழந்தையை மார்பில் வைக்கக் கற்றுக்கொள்ளும்.